பிளாஸ்மா கதிரியக்கத்தை அழிக்காது, இடம் மாற்றும்: மேற்பரப்பு மாசு நீக்கம் பற்றி ஒரு தொடக்க விளக்கம்

கதிரியக்க மாசு படிந்த இரும்பின் மேல் பிளாஸ்மாவை, அதாவது மின்புலத்தால் அயனியாக்கிய வாயுவை, காட்டினால் மாசு எரிந்து சாம்பலாகிவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படி எதுவும் நடப்பதில்லை. கதிரியக்கம் அணுவின் கருவுக்குள் நடக்கிற விஷயம். ஒரு கருவிலிருந்து ஒரே ஒரு நியூட்ரானைப் பிய்த்தெடுக்கவே பெரும்பாலும் 60 லட்சம் முதல் 1 கோடி எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வரை ஆற்றல் வேண்டும். மாசு நீக்கத்துக்கான பிளாஸ்மாவில் ஓடும் எலக்ட்ரான்களிடம் இருப்பதோ சில எலக்ட்ரான் வோல்ட். அயனிகளை மின்னழுத்தம் கொடுத்து முடுக்கினாலும் சில நூறு, மிஞ்சினால் ஆயிரம். கோபால்ட்-60 என்ற கதிரியக்க அணு பிளாஸ்மாவுக்குள் போகும்போதும் கோபால்ட்-60, வெளியே வரும்போதும் கோபால்ட்-60. அதன் அரை ஆயுளான (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) 5.27 ஆண்டில் ஒரு நொடி கூடக் குறையாது.

பிறகு எதற்கு இந்த வேலை? அந்த அணுக்களை மேற்பரப்பிலிருந்து பெயர்த்து, நாம் சொல்கிற இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு. பெயர்ப்பது பாதி வேலைதான். நாம் சொன்ன இடத்தில்தான் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது மீதிப் பாதி. தொழில்நுட்பத்தைப் புகழ்ந்து வரும் செய்திகளில் இந்த இரண்டாவது பாதி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

மாசு எது, கதிர்வீச்சு எது

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குக் கதிரியக்கம் என்ற சொல் புதிதல்ல. மேற்கே மணவாளக்குறிச்சி, சின்னவிளை, மிடாலம் கரைகளில் கருமணல். கிழக்கே மாவட்ட எல்லையைத் தாண்டியதும் கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகள் ஓடுகின்றன. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற தோரியம் கலந்த கனிமம் இருப்பதை 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டுபிடித்தார். இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிக்கொண்டு போன மணல்தான் அவருக்குத் துப்பு. கதிரியக்கப் பொருள் ஒன்று வேறொரு பொருளின் மேல் ஒட்டிக்கொண்டு கடல் தாண்டியிருக்கிறது. மேற்பரப்பு மாசு என்பது இதுதான்.

வெயிலில் நின்றுவிட்டு நிழலுக்கு வந்தால் வெயில் கூடவே வராது. வயலில் இறங்கி ஏறினால் சேறு காலோடு வீட்டுக்கு வரும். கதிர்வீச்சு வெயில் மாதிரி, மாசு சேறு மாதிரி. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர் மேல் எந்த மாசும் இருக்காது. கழுவ வேண்டியதும், சுரண்ட வேண்டியதும், பிளாஸ்மா காட்ட வேண்டியதும் சேற்றுக்கு மட்டுமே.

இதை வைத்தே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். கடற்கரை மணலையே பிளாஸ்மாவால் சுத்தம் செய்ய முடியாதா? முடியாது. மோனசைட் மணியில் தோரியம் மேலே பூசியதல்ல. படிகத்தின் உள்ளேயே கலந்து கிடக்கிறது. நம் கரை மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு எடையில் 8 முதல் 10 விழுக்காடு வரை இருக்கும். மேல்தோலைச் சீவினால் உள்ளே இருப்பதும் அதே தோரியம்தான். அந்த மணியை மற்ற மணிகளிலிருந்து பிரிக்க உதவுவது அதன் காந்தக் குணமும் மின் குணமும்: அதே மணலில் உள்ள இல்மனைட் என்ற கனிமம் மின்சாரத்தைக் கடத்தும், காந்தத்தில் நன்றாக ஒட்டும், மோனசைட் மின்சாரத்தைக் கடத்தாது, வலுவான காந்தத்துக்கு மட்டும் கொஞ்சம் அசையும். மணல் ஆலையில் நடக்கிற பிரிப்பு இந்த வித்தியாசத்தில்தான். பிளாஸ்மாவுக்கு அங்கே வேலை இல்லை.

மேற்பரப்பில் மாசு எப்படி உட்கார்ந்திருக்கிறது

மேலே தூசியாகக் கிடப்பது உதிரி மாசு. கையால் தொட்டால் கையில் வரும், காற்றடித்தால் பறக்கும். அடுத்தது ஒட்டிய மாசு. உலைக் குழாய்களுக்குள் சூடான நீர் வருடக்கணக்கில் ஓடும்போது எஃகின் மேல் சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் ஆக்சைடு படலம் வளர்கிறது. நீரில் கரைந்து வரும் கோபால்ட்-60 அந்தப் படலத்துக்குள்ளேயே இரும்பு, நிக்கல் அணுக்களுக்கு நடுவில் இடம் பிடித்துவிடும். துணியால் துடைத்தால் வராது. மூன்றாவது, ஊறிய மாசு. கான்கிரீட்டின் நுண்துளைகளில் சீசியம்-137 மில்லிமீட்டர் கணக்கில் இறங்கிவிடும். மைக்ரான் கணக்கில் சீவும் பிளாஸ்மாவை அங்கே கொண்டுபோவது வீண்.

ஆகவே பிளாஸ்மாவின் உண்மையான இடம் நடுவில் உள்ளது: கெட்டியான அடிப்பரப்பின் மேல் சில மைக்ரான் படலத்துக்குள் சிக்கிய மாசு.

அளவு எவ்வளவு என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். கதிரியக்கப் பொருள்களைக் கொண்டுசெல்லும் பெட்டிகளின் வெளிப்புறத்தில், பீட்டா, காமா கதிர் தருபவற்றுக்கும் நச்சுத்தன்மை குறைந்த ஆல்ஃபா கதிர் தருபவற்றுக்கும் பன்னாட்டு விதிகள் அனுமதிக்கும் உதிரி மாசு சதுர சென்டிமீட்டருக்கு 4 பெக்கரல். அதாவது நொடிக்கு 4 அணுச் சிதைவு. இந்த 4 பெக்கரலும் கோபால்ட்-60 என்றால் அங்கே இருப்பது ஏறத்தாழ 96 கோடி அணுக்கள். பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் எஃகின் மேல் ஒரே ஒரு அணு அடுக்கில் சதுர சென்டிமீட்டருக்கு 1-க்குப் பின் 15 பூஜ்யம் போட்ட எண்ணிக்கையில் அணுக்கள் உண்டு. அந்த அடுக்கில் 10 லட்சத்தில் ஒன்றுதான் கோபால்ட்-60. எந்தக் கண்ணுக்கும், எந்தத் தராசுக்கும் அகப்படாது.

அதே 4 பெக்கரல் தோரியம்-232 என்றால் கதை வேறு. தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டு. அவ்வளவு நிதானமாகச் சிதைவதால், நொடிக்கு 4 சிதைவு கிடைக்க சுமார் 1 மில்லிகிராம் தோரியம் வேண்டும். மோனசைட் மணலாகச் சொன்னால் 12 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு சதுர சென்டிமீட்டரில் 12 மில்லிகிராம் மணல் இருந்தால் வெறும் கண்ணுக்கே தெரியும், ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். (தோரியத்தின் வழித்தோன்றல் தனிமங்களைச் சேர்த்தால் மொத்தச் சிதைவு கூடும், இங்கே தோரியத்தை மட்டும் எடுத்திருக்கிறோம்.) மாசு எந்தத் தனிமம் என்று தெரியாமல் எந்த முறை நல்லது என்று பேசுவதில் பொருளே இல்லை.

பிளாஸ்மா என்ன செய்கிறது

வாயுவுக்குப் போதிய மின்புலம் கொடுத்தால் சில அணுக்கள் எலக்ட்ரானை இழந்து அயனியாகும். எலக்ட்ரான், அயனி, நடுநிலை அணு எல்லாம் கலந்த அந்த நிலைதான் பிளாஸ்மா. டியூப் லைட்டுக்குள் இருப்பது ஒரு வகை. கேட், கிரில்லுக்குத் தகடு வெட்டும் பட்டறைகளில் உள்ள பிளாஸ்மா கட்டிங் மெஷின் இன்னொரு வகை. இரண்டும் பிளாஸ்மாதான், ஆனால் ஒன்று கையால் தொடுகிற சூட்டில் இருக்கிறது, மற்றது எஃகை உருக்கி ஊதித் தள்ளுகிறது. மாசு நீக்கத்தில் இந்த வித்தியாசம் உயிர்நாடி. உலோகத்தை உருக்கினால் மாசு உருகிய உலோகத்தோடு கலந்து இன்னும் ஆழத்துக்குப் போய்விடும்.

மேற்பரப்பைச் சுத்தம் செய்ய மூன்று வழிகள் புழக்கத்திலும் ஆய்விலும் உள்ளன.

முதலாவது, அயனியால் தட்டிப் பெயர்ப்பது. வெற்றிட அறையில் ஆர்கான் வாயுவைக் கொஞ்சமாக விட்டு, பொருளுக்கு எதிர்மின் அழுத்தம் கொடுப்பார்கள். ஆர்கான் அயனிகள் சில நூறு எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு வந்து மோதும். 500 எலக்ட்ரான் வோல்ட்டில் மோதும் ஒரு ஆர்கான் அயனி இரும்பிலிருந்து சராசரியாக ஒரு அணுவைப் பெயர்க்கும். சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லி ஆம்பியர் அயனி மின்னோட்டம் கிடைத்தால் நொடிக்கு 0.7 நானோமீட்டர், மணிக்கு 2.6 மைக்ரான் போகும். ஆக்சைடு இரும்பை விடப் பிடிவாதமானது, வேகம் இன்னும் குறையும். 5 மைக்ரான் படலத்துக்குக் குறைந்தது 2 மணி நேரம், நடைமுறையில் அதைப் போல 2, 3 மடங்கு. எந்தத் தனிமம் என்று பாராமல் எல்லாவற்றையும் பெயர்ப்பது இதன் பலம். மெதுவானது என்பது பலவீனம். மின்சாரத்துக்காகக் கவலைப்பட வேண்டாம்: 1 சதுர மீட்டருக்கு 5 கிலோவாட், 2 மணி நேரத்துக்கு 10 யூனிட்தான். பம்ப்பும் குளிரூட்டலும் தனி.

இரண்டாவது, வேதிவினையால் வாயுவாக்குவது. யுரேனியம், புளூட்டோனியம் இரண்டுக்கும் ஒரு விசித்திர குணம் உண்டு. ஆறு ஃபுளோரின் அணுக்கள் சேர்ந்தால் எளிதில் ஆவியாகிவிடும். யுரேனியம் ஹெக்சாஃபுளோரைடு 56.5 டிகிரி செல்சியஸிலேயே திண்மத்திலிருந்து நேரடியாக வாயுவாகும். எனவே கார்பன் டெட்ராஃபுளோரைடு அல்லது நைட்ரஜன் டிரைஃபுளோரைடு வாயுவில் பிளாஸ்மா மூட்டினால், உடைந்து வரும் ஃபுளோரின் அணுக்கள் யுரேனியம் ஆக்சைடைத் தின்று வாயுவாக்கிவிடும். கார்பன் டெட்ராஃபுளோரைடு மட்டும் விட்டால் கார்பன் எச்சம் மேற்பரப்பில் கருமையாகப் படிந்து வினையை அடைக்கும். ஆக்சிஜன் சேர்த்தால் அது கார்பனைப் பிடித்துக்கொண்டு போய்விடும், ஃபுளோரினும் கூடுதலாக விடுபடும். அதையே அதிகமாகச் சேர்த்தால் ஃபுளோரின் நீர்த்துப்போய் வேகம் விழும். ஆய்வுகளில் கார்பன் டெட்ராஃபுளோரைடு நான்கு பங்குக்கு ஆக்சிஜன் ஒரு பங்கு என்ற விகிதத்தை ஒட்டித்தான் உச்சம் கிடைத்திருக்கிறது.

மூன்றாவது, வெற்றிட ஆர்க். பொருளையே எதிர்மின் முனையாக வைத்து ஆர்க் மூட்டினால் ஊசிமுனை அளவான பிரகாசப் புள்ளிகள் மேற்பரப்பில் தாமாகவே ஓடும். சுத்தமான உலோகத்தை விட ஆக்சைடு உள்ள இடத்தில் எலக்ட்ரான் எளிதாக வெளிவருவதால் புள்ளிகள் ஆக்சைடைத் தேடித் தேடிப் போகும். படலம் தீர்ந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடும். வேகமான முறை. ஆனால் நிறுத்த வேண்டிய நேரத்தைத் தவறவிட்டால் உலோகத்தில் குழிகள் விழும்.

திறந்த காற்றிலேயே, கையில் பிடிக்கும் முனை வழியாகப் பிளாஸ்மா ஊதும் கருவிகளும் உண்டு. பெரிய தொட்டி, சுவர் போன்ற வெற்றிட அறைக்குள் போகாத பொருள்களுக்கு அவைதான் வழி. பரப்பளவுதான் அவற்றுக்கு எதிரி. முனையின் அடியில் 2 சென்டிமீட்டர் விட்டத்தில் வட்டம் விழுகிறது, நிமிடத்துக்கு 1 மைக்ரான் அரிக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 5 மைக்ரானுக்கு ஒரு வட்டத்துக்கு 5 நிமிடம். 1 சதுர மீட்டரில் 3,183 வட்டம். மொத்தம் 265 மணி நேரம். 8 மணி நேர ஷிப்டில் 33 நாள். வட்டங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறுவதைச் சேர்த்தால் இன்னும் கூடும். சின்ன இடத்தில் வியக்க வைக்கும் செயல்விளக்கம் ஒன்று உண்மையான கூடத்துக்கு வரும்போது ஏன் திணறுகிறது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

பிறகு ஏன் இதையே கட்டிக்கொண்டு அழ வேண்டும்? கழிவுக்காக. 1 சதுர மீட்டரில் 5 மைக்ரான் ஆக்சைடு என்பது வெறும் 5 கன சென்டிமீட்டர், எடையில் 25 கிராம் சொச்சம். நீக்க வேண்டியது அவ்வளவுதான். அமிலத்தில் கழுவினால் அந்த 25 கிராமும் பல லிட்டர் திரவத்தில் கரைந்து, அந்தத் திரவம் முழுக்கக் கதிரியக்கக் கழிவாகும். அதை ஆவியாக்கி, பிசினில் வடித்து, சிமெண்டில் கட்டி வைக்க வேண்டும். உலர்ந்த முறையில் 25 கிராம் ஏறத்தாழ 25 கிராமாகவே, கூட ஒரு வடிகட்டியும் சேகரிப்புத் தகடுமாக வெளியே வரும்.

ஒரு சுற்று எப்படி நடக்கிறது

வெற்றிட அறை முறையை எடுத்துக்கொள்வோம். முதல் வேலை அளப்பது. ஆல்ஃபா அளவியை மேற்பரப்பிலிருந்து 5 மில்லிமீட்டருக்குள் பிடித்து, நொடிக்கு 5 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் நகர்த்த வேண்டும். தோரியம்-232-ன் ஆல்ஃபா காற்றில் இரண்டரை சென்டிமீட்டர்தான் போகும். கையை ஒரு விரற்கடை தூக்கினாலே எண்ணிக்கை சரியும்.

அடுத்து துடைப்புச் சோதனை. 100 சதுர சென்டிமீட்டர் பரப்பை வடிகட்டித் தாளால் ஒரே சீரான அழுத்தத்தில் துடைத்து, தாளை எண்ணியில் வைப்பார்கள். நொடிக்கு 14 எண்ணிக்கை வருகிறது, அதில் பின்னணி 2 என்றால் மிச்சம் 12. எண்ணியின் திறன் 30 விழுக்காடு, தாள் எடுத்து வருவது உதிரி மாசில் 10 விழுக்காடு என்று கொள்வது வழக்கம். 0.3, 100, 0.1 மூன்றையும் பெருக்கினால் 3. 12-ஐ 3-ஆல் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 4 பெக்கரல். துடைப்பில் ஒன்றும் வராமல் அளவி மட்டும் கத்தினால் அது ஒட்டிய மாசு. பிளாஸ்மாவைப் பற்றி யோசிக்க வேண்டியது அப்போதுதான்.

உதிரியாக இருப்பதை முதலில் எடுத்துவிட வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் கூட்டக் கூடாது, பறக்கும். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனர், பிறகு ஈரத்துணி. துணியைச் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கத்துக்கு ஒரே திசையில் இழுத்து, மடித்து, புதுப் பக்கத்தால் மறுபடி. முன்னும் பின்னும் தேய்த்தால் மாசைப் பூசுகிறோம். எண்ணெய்ப் பிசுக்கையும் இப்போதே எடுத்துவிட வேண்டும்.

பொருளை அறைக்குள் வைத்து 1 பாஸ்கலுக்குக் கீழே காற்றை உறிஞ்சுவார்கள் (வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 1 லட்சம் பாஸ்கல்). அழுத்தம் இறங்காமல் அடம் பிடித்தால் கேஸ்கட் கசிகிறது, அல்லது பொருளில் ஈரம் இருக்கிறது. வால்வை மூடிவிட்டு அழுத்தம் ஏறுவதைப் பார்த்தால் தெரியும்: ஒரே சீராக ஏறிக்கொண்டே போனால் கசிவு, ஏறி ஏறி ஓரிடத்தில் மந்தமானால் ஈரம். ஈரமென்றால் 80 முதல் 100 டிகிரி வரை சூடாக்கி உலர்த்த வேண்டும்.

பிறகு ஆக்சிஜன் பிளாஸ்மா ஒரு 10 நிமிடம். மிச்சமிருக்கும் எண்ணெய்ப் படலம் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் போய்விடும். அதற்கப்புறம்தான் முக்கியச் சுற்று. பிளாஸ்மா வெளியிடும் ஒளியை நிறமாலைமானியில் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் கருவி) பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஃபுளோரின் முறையென்றால், ஃபுளோரின் அணுவின் ஒளிக்கோடு 703.7 நானோமீட்டரில் வரும். வினை நடக்கும்போது ஃபுளோரின் செலவாவதால் கோடு மங்கலாக இருக்கும். படலம் தீர்ந்ததும் பிரகாசமாகும். அதுதான் நிறுத்தும் அடையாளம். முடிந்ததும் அறையை நைட்ரஜனால் பலமுறை நிரப்பி உறிஞ்சி, வாயு எல்லாம் பிடிபொறி வழியாகப் போனதை உறுதி செய்த பிறகே கதவைத் திறக்கலாம்.

பொருளை மறுபடி அளக்கும்போது அது உலர்ந்திருக்க வேண்டும். முடியின் தடிமன் கூட இல்லாத ஈரப்படலம் ஆல்ஃபாவை விழுங்கிவிட்டு, சுத்தமாகிவிட்டது என்று பொய் சொல்லும்.

முன்பிருந்த மாசைப் பின்பிருக்கும் மாசால் வகுத்தால் வருவது மாசு நீக்கக் காரணி. 10 என்றால் 90 விழுக்காடு போயிற்று, 100 என்றால் 99 விழுக்காடு. இந்த எண்ணைக் கேட்டதும் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்ப்பது நல்லது. கோபால்ட்-60 மட்டுமே மாசு என்றால், பூட்டிய அறையில் பதினேழரை ஆண்டு சும்மா வைத்தாலே அது பத்தில் ஒன்றாகிவிடும். அவசரமில்லாத பழைய இரும்புக்கு இதை விட மலிவான வழி கிடையாது. சீசியம்-137 என்றால் அதே குறைவுக்கு 100 ஆண்டு, தோரியம் என்றால் காத்திருப்பதில் பயனே இல்லை.

எங்கே கெடுகிறது

பெயர்ந்த அணு திரும்பி வந்து உட்காருவது முதல் தொல்லை. 1 பாஸ்கல் அழுத்தத்தில் ஒரு அணு இன்னொன்றில் மோதாமல் சராசரியாக 7 மில்லிமீட்டர் போகும். 100 பாஸ்கலில் 0.07 மில்லிமீட்டர்தான். அழுத்தம் கூடுதலாக இருந்தால் தட்டிவிட்ட அணுக்கள் வாயுவில் இடித்து இடித்துப் பாதிக்கு மேல் பழைய இடத்துக்கே திரும்பும். அழுத்தத்தைக் குறைத்தால் பிளாஸ்மா நிற்காது, காந்தம் வைத்துப் பிடிக்க வேண்டும். தப்பித்த அணுக்கள் அறையின் சுவரில் படியும். அதனால் சுவரின் உள்பக்கம் கழற்றக்கூடிய மெல்லிய தகடு போடுவார்கள். அந்தத் தகடுதான் கழிவு. தகடு போடாமல் ஓட்டினால் நான்கு பொருளைச் சுத்தம் செய்து ஒரு அறையை மாசாக்கிய கதையாகிவிடும்.

அடுத்தது நிழல். திருகு மரை, குறுகிய துளை, மடிப்பு. சில மில்லிமீட்டருக்கும் குறைவான இடுக்குக்குள் பிளாஸ்மா நுழையாது. நுழைந்தாலும் ஆபத்து: எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே எலக்ட்ரான் மாறி மாறி எகிறி, அந்த இடத்தில் மட்டும் பிளாஸ்மா அடர்ந்து சிவக்கச் சூடேறும். துளையைச் சுற்றி நீலம் பாய்ந்த நிறம் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

கடலோர மாவட்டத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. உப்புக்காற்று. திறந்து வைத்த எஃகில் ஒரு மெல்லிய உப்புப் படலம் சேராமல் இருக்காது. மின்கடத்தாத உப்புத் துகளின் மேல் மின்னூட்டம் சேர்ந்து சேர்ந்து திடீரென ஆர்க் அடிக்கும், அந்த இடத்தில் உலோகம் உருகிக் குழியாகும், மாசு குழிக்குள் போய் மூடிக்கொள்ளும். அடையாளம் எளிது: ஆர்கான் பிளாஸ்மா இளம் ஊதாவாக இருக்க வேண்டியது, அங்கங்கே மஞ்சளாக மினுங்கினால் அது சோடியம், அதாவது உப்பு. உடனே நிறுத்தி, அயனி நீக்கிய நீரால் கழுவி உலர்த்திவிட்டு வர வேண்டும்.

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெறுகிற மாவட்டம் இது. ஃபுளோரின் முறைக்கு ஈரம் ஜென்மப் பகை. யுரேனியம் ஹெக்சாஃபுளோரைடு நீராவியைச் சந்தித்தால் யுரேனைல் ஃபுளோரைடு என்ற திண்மத் தூளாகவும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற கொடிய அரிக்கும் வாயுவாகவும் உடையும். தூள் குழாயில் படிந்து அடைக்கும். வாயு வடிகட்டிக்குப் போகும்.

அந்த வடிகட்டியில்தான் அனுபவம் இல்லாதவர்கள் ஏமாறுகிறார்கள். ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும். துகளைத்தான், வாயுவை அல்ல. யுரேனியத்தை வாயுவாக்கிவிட்டு ஹெப்பாவை நம்பினால் அது அப்படியே தாண்டிப் போகும். போதாக்குறைக்கு வடிகட்டித் தாளே கண்ணாடி இழை. ஹைட்ரஜன் ஃபுளோரைடு கண்ணாடியைக் கரைக்கும். சரியான வரிசை இப்படி: முதலில் குளிர்பொறி அல்லது சோடியம் ஃபுளோரைடு உருண்டைகள் நிரம்பிய குடுவை, அங்கே யுரேனியம் நிற்கும், அடுத்து அமில வாயுவைத் தின்னும் காரக் கழுவி, ஈரம் நீக்கி, கடைசியில் ஹெப்பா. வெற்றிட பம்ப்பில் சாதாரண எண்ணெய் இருந்தால் ஃபுளோரின் அதைக் குதறிவிடும், எண்ணெயும் கதிரியக்கக் கழிவாகிவிடும். எண்ணெய் இல்லாத உலர் பம்ப்தான் வேண்டும். கார்பன் டெட்ராஃபுளோரைடின் மிச்சத்தைச் சும்மா வெளியே விடவும் கூடாது; புவியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 7,000 மடங்கு.

வேலை செய்பவர் கதிர் வாங்குவது பெரும்பாலும் பிளாஸ்மா எரியும்போது அல்ல, வடிகட்டி மாற்றும்போது. பத்துப் பொருளின் மாசு ஒரே இடத்தில் குவிந்திருப்பது அங்கேதான். பிளாஸ்டிக் பைக்குள்ளேயே கழற்றி, பையை முறுக்கி ஒட்டி வெட்டி எடுக்கும் அமைப்பு இல்லாத எந்திரத்தை வாங்கக் கூடாது. இந்தியாவில் கதிரியக்கத் தொழிலாளி ஒருவருக்கு 5 ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. பொதுமக்களுக்கு 1 மில்லி சீவர்ட். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இல்லாமல் இதில் எதையும் தொடக்கூட முடியாது.

தோரியத்துக்கு ஏன் ஃபுளோரின் உதவாது

நம் ஊரில் இயல்பாகவே எழும் கேள்வி இது. யுரேனியத்தைப் போலத் தோரியத்தையும் ஃபுளோரின் பிளாஸ்மாவால் வாயுவாக்க முடியாதா? முடியாது. தோரியம் நான்கு ஃபுளோரினுக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது. தோரியம் டெட்ராஃபுளோரைடு கொதிக்க 1,600 டிகிரிக்கு மேல் வேண்டும். பிளாஸ்மாவில் காட்டினால் ஆக்சைடு போய் ஃபுளோரைடு வெள்ளையாகப் படியும், அவ்வளவுதான். கோபால்ட்டுக்கும் இதே கதி. அதன் ஃபுளோரைடு உருகவே 1,100 டிகிரி தாண்ட வேண்டும். இவற்றை ஆர்கான் அயனியால் தட்டித்தான் எடுக்க வேண்டும். சீசியம் நேர் எதிர். இவற்றை விடக் குறைந்த சூட்டிலேயே ஆவியாகிப் பறக்கும். கான்கிரீட்டைச் சூடான பிளாஸ்மாவால் உரிக்கப் போனால் சீசியம் புகையோடு கிளம்பி, பக்கத்துச் சுவரில் குளிர்ந்து படியும்.

நடைமுறையில் தோரியம் படியும் மேற்பரப்புகள் பெரும்பாலும் பிளாஸ்மா வரை போக வேண்டியவையே அல்ல. நாகர்கோவில் பக்கத்து வெல்டிங் பட்டறையில் டிக் வெல்டிங்குக்குச் சிவப்பு முனை டங்ஸ்டன் கம்பி பயன்படுத்தினால், அதில் 2 விழுக்காடு தோரியம் ஆக்சைடு இருக்கிறது. கம்பியைக் கூராக்கும்போது வரும் 1 கிராம் தூளில் தோரியம்-232 மட்டும் சுமார் 70 பெக்கரல். அது 1 சதுர அடி மேசையில் பரவினால் சதுர சென்டிமீட்டருக்கு 0.08 பெக்கரல் கூட வராது. மேசை மேல் இருக்கும் வரை பெரிய விஷயமில்லை. மூச்சில் போவதுதான் விஷயம், நுரையீரலில் ஆல்ஃபா பக்கத்திலிருந்தே அடிக்கும். சாணைக் கல்லுக்குத் தூசி உறிஞ்சி வைத்து, முகக்கவசம் போட்டு, கல்லின் அடியில் சேர்ந்த தூளைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியோடு மூடிய டப்பாவில் போட வேண்டும். அடுத்த முறை கம்பி வாங்கும்போது லாந்தனம் கலந்த நீல முனையோ தங்க நிற முனையோ, சீரியம் கலந்த சாம்பல் முனையோ கேட்டு வாங்கினால் அந்தத் தூளில் தோரியமே இருக்காது.